பழைய கல், புதுச் சுவர்: பதிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பழைய வீடு ஒன்றை இடித்தபோது அதன் சுவர்க் கற்களை வாங்கி வைத்திருக்கிறேன். புது வீட்டுக்கு கான்கிரீட் தூண், செங்கல் சுவர் எல்லாம் முடிந்துவிட்டது. வெளிப்பூச்சு மட்டும் பாக்கி. பூச்சுக்குப் பதிலாக முன்பக்கச் சுவர் முழுக்க இந்தக் கல்லைப் பதிக்க ஆசை. ஆசிட் ஊற்றிக் கழுவி, டைல்ஸ் மாதிரி சிமெண்டில் ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: கல்லைத் தாராளமாகப் பதிக்கலாம். ஆனால் ஆசிட் வேண்டாம், டைல்ஸ் போல ஒட்டவும் வேண்டாம். பூச்சையும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் எடை. சுவரிலிருந்து எடுத்த கல் 6 அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால், கல்லும் சாந்துமாகச் சதுர அடிக்கு 30 கிலோவுக்கு மேல் வரும். 20 அடி நீளம், 10 அடி உயரமுள்ள ஒரு சுவருக்கு 6 டன்னைத் தாண்டும். அந்தப் பாரத்தை எந்தப் பசையும் பிடித்து நிறுத்தாது. அஸ்திவாரத்திலிருந்தே ஒரு விளிம்பு வெளியே வந்து கல்லைத் தாங்க வேண்டும். சுவர் எழும்பிவிட்ட நிலையில் உங்களிடம் அந்த விளிம்பு அநேகமாக இருக்காது.

அதனால் கல்லை அறுத்துப் பயன்படுத்துவதுதான் உங்களுக்கு வழி. வெயிலும் மழையும் பட்டுப் பழுத்த முகத்தை மட்டும் 3 செ.மீ. கனத்துக்கு அறுத்து எடுத்தால் எடை சதுர அடிக்கு 7, 8 கிலோவாக இறங்கிவிடும். அந்த எடைக்கும் பசையை நம்பக் கூடாது. அறுத்த ஒவ்வொரு கல் பலகைக்கும் விளிம்பில் துளையிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணையுங்கள். சாதாரண இரும்பு துருப்பிடித்தால் உப்பும். உப்பும்போது கல்லையே பிளந்துவிடும். எங்கே, எத்தனை கிளாம்ப் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். மூலைகளுக்கு மட்டும் பழைய மூலைக்கற்களைத் தனியாக எடுத்து வைத்து ‘ட’ வடிவில் அறுக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் திருப்பத்தில் பலகையின் மெல்லிய ஓரம் தெரிந்து, கல் வீடு அட்டை வீடு போலாகிவிடும்.

அடுத்தது, பலரும் கேட்க மறக்கும் கேள்வி: இந்தக் கல் பழைய வீட்டில் எங்கே இருந்தது? தரையை ஒட்டியிருந்த வரிகள் ஆண்டுக்கணக்கில் மண்ணின் ஈரத்தோடு உப்பையும் உறிஞ்சியிருக்கும். மாட்டுத்தொழுவத்துக் கல்லில் உப்பு இன்னும் அதிகம். அடுப்புப் புகை பட்ட கல்லிலிருந்து பழுப்புக் கறை வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மேல் வரிக் கற்கள்தான் நல்லவை.

சந்தேகமான கல்லை ஒரு வாரம் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, பிறகு நிழலில் காயவிடுங்கள். காயக் காய ஓரங்களில் மாவு தூவியது போல வெள்ளையாகப் பூக்கிறதா என்று பாருங்கள். அதுதான் உப்பு. விரலால் துடைத்தால் போய்விடும். மறுநாள் திரும்ப வரும். அந்தக் கல்லை இன்னும் ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் தோட்டத்துக்கு அனுப்பிவிட வேண்டும். தொழுவக் கற்களை அப்படியே வைத்துக் கட்டிய ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மழைக்காலத்துக்குள் கல்லின் முகம் பொரிந்து, கீழே பொடியாகக் குவிந்து கிடந்தது. பார்க்கவே வேதனையாக இருந்தது.

சுத்தம் செய்யத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். ஆசிட் சுண்ணாம்புக்கல்லை அரித்துவிடும். கருங்கல்லில் உள்ள இரும்பைக் கிளறிவிட்டு மஞ்சள் கறையாக்கும். கம்பி பிரஷில் உதிரும் துணுக்குகளும் துருவாக மாறும். பழைய சுண்ணாம்புச் சாந்து உளியின் மெல்லிய தட்டிலேயே கழன்று வரும். பிற்காலத்தில் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால்தான் சிரமம். அதைப் பெயர்க்கும்போது கல்லும் சேர்ந்து பெயரும். நூறு வருடத்துப் பாசிக்கறையைப் பளிச்சென்று ஆக்க நினைக்காதீர்கள். அதற்காகத்தானே இந்தக் கல்லைத் தேடிப் போனீர்கள்!

பூச்சு விஷயத்துக்கு வருகிறேன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்து வழியாக மழைநீர் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அது செங்கல்லைத் தொடாமல் இருக்க, செங்கல் சுவருக்கு நீர்க்காப்புப் பூச்சு போட்டு, பிறகு கல்லை நிறுத்துங்கள். பின்னால் ஒரு அங்குல இடைவெளி விட்டு, அடிவரியில் நீர் வடியச் சிறு துளைகள் வைத்தால் உள்ளே போன தண்ணீர் வழி கண்டு இறங்கிவிடும். தரை மட்டத்திலிருந்து அரை அடி விட்டே கல்லைத் தொடங்குங்கள்.

சந்து நிரப்பும் சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போதும். சிமெண்ட் வேண்டுமென்றால் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. வெறும் சிமெண்டை அடைத்தால் ஈரம் சந்து வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாகவே போகும். மணற்கல் அதைத் தாங்காது. மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் அடுக்கு ரேகை தெரியும். முகத்தை அறுக்கும்போது அந்த ரேகை பலகையின் முகத்துக்கு இணையாக விழுந்தால், ஏடு ஏடாக உரிந்துவிடும். இரண்டு வகையும் கலந்திருந்தால் சுண்ணாம்புக்கல்லை மணற்கல்லுக்கு மேலே வைக்காதீர்கள். அதிலிருந்து வடியும் நீர் கீழிருப்பதைக் கெடுக்கும். மேலே பளபளப்பான வார்னிஷ் எதுவும் பூச வேண்டாம்.

அறுக்கும்போது உடைவதையும் கழிப்பதையும் சேர்த்து, தேவைக்கு மேல் 20 சதவீதம் கல் கையில் இருக்கட்டும். முழுச் சுவரில் இறங்குமுன் 3 அடிக்கு 3 அடி மாதிரி ஒன்றை வெளியில் கட்டச் சொல்லுங்கள், அதே கல், அதே சாந்து, அதே கிளாம்ப். நன்றாக நனைந்து நன்றாகக் காய்ந்த பிறகு அதைப் பார்த்துவிட்டுக் கொத்தனாருடன் உட்கார்ந்து பேசுங்கள்.