உச்சிப்புளியில் ட்ரோன் தெளிப்பு: அனுமதி யாருடைய பொறுப்பு?

வணக்கம் அண்ணே. உச்சிப்புளி பக்கம் உங்கள் நெல்லுக்கு மருந்தடிக்க வந்த ட்ரோனைப் போலீஸ் இறக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். "நிலம் என் பட்டா, மேலே பறக்க எதற்கு அனுமதி?" என்ற கோபம் நியாயம்தான். ஆனால் பட்டா மண்ணுக்குத்தான், வானத்துக்கு இல்லை.

உங்கள் ஊரில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலம். பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும், சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. மத்திய அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் வயலைப் பெரிதாக்கி நிறத்தைப் பாருங்கள். அடுத்த ஊர்க்காரர் அடித்தார் என்பது கணக்கில் வராது. சில கிலோமீட்டரில் நிறம் மாறிவிடும்.

அப்புறம், வாடகைக்கு வந்தவரிடம் ட்ரோனின் தனி அடையாள எண், பைலட் சான்றிதழ், காப்பீடு மூன்றையும் கேளுங்கள். அனுமதி வாங்குவது அவர் வேலை. விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகும். காகிதம் காட்டத் தயங்குபவருக்கு முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பக்கத்தில் இறால் பண்ணை இருந்தால் இன்னும் கவனம். கடல்காற்றில் மருந்துச் சாரல் குளத்தில் விழுந்தால் இறால் செத்துவிடும், வழக்கு உங்கள் பெயரையும் இழுக்கும். காற்று அடங்கிய காலையில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். சிவப்பு என்று வந்தால் இந்தப் போகத்துக்குப் பவர் ஸ்பிரேயரே போதும். அனுமதிக்குக் காத்திருந்தால் பூச்சி காத்திருக்காது.