ஷார்க்கி திரும்பிய நொடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் பட்டம் பற்றிய கட்டுரையில், 1930-இல் மாக்ஸ் ஷ்மெலிங் தரையில் விழுந்து கிடந்தபடியே சாம்பியன் ஆனார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவரை வீழ்த்திய குத்து உண்மையிலேயே இடுப்புக்குக் கீழே விழுந்ததா, இல்லை அவர் நடித்தாரா? பீமன் தொடையில் அடித்து ஜெயித்ததைப் படுகளத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். அடி வாங்கியவன் ஜெயித்தான் என்பது எனக்குப் புதிது.

ர., திருவண்ணாமலை

அன்புள்ள ர.,

அவர் நடிக்கவில்லை என்றுதான் நான் நம்புகிறேன். நான்காம் சுற்றில் எதிராளி ஜாக் ஷார்க்கியின் இடது கை தாழ இறங்கி வருகிறது. ஷ்மெலிங் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஏறத்தாழ 80,000 பேர். ஷ்மெலிங்கின் மேனேஜர் ஜோ ஜேக்கப்ஸ் ‘ஃபவுல்’ (விதிமீறிய அடி) என்று கத்தியபடி வளையத்துக்குள் ஏறிவிட்டார். நடுவர் ஜிம் க்ரோலி உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. ஓரத்திலிருந்த நீதிபதிகளிடம் கேட்டு, அவர்களில் ஒருவர் ஆமாம் என்ற பிறகே ஷார்க்கியைத் தகுதிநீக்கம் செய்தார். அதுவரை சண்டையில் முன்னால் இருந்தவர் ஷார்க்கி. ஃபவுலால் ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்றவர் இன்றுவரை ஷ்மெலிங் ஒருவர்தான்.

ஆனால் இந்தக் கதையை 1930-இல் தொடங்கினால் ஷார்க்கி வெறும் வில்லனாகத் தெரிவார். மூன்று வருடம் பின்னால் போக வேண்டும்.

1927 ஜூலை 21, அதே யாங்கி ஸ்டேடியம். ஷார்க்கிக்கு எதிரே முன்னாள் சாம்பியன் ஜாக் டெம்ப்சி. ஜெயிப்பவர் சாம்பியன் ஜீன் டன்னியோடு மோதலாம். தொடக்கச் சுற்றுகளில் ஷார்க்கியின் கைதான் ஓங்கியிருந்தது. ஏழாம் சுற்றில் டெம்ப்சி உடம்பை நோக்கி அடிக்கிறார், தாழ்வாக. ஷார்க்கி வலியில் முகத்தை நடுவர் பக்கம் திருப்புகிறார், முறையிட. அவ்வளவுதான், ஒரு நொடி. டெம்ப்சியின் இடது ஹுக் தாடையில் இறங்குகிறது. ஷார்க்கி கை அடிவயிற்றில் இருக்க முகம் குப்புற விழுகிறார். நடுவர் பத்து எண்ணி முடிக்கிறார். நாக் அவுட்!

‘எந்நேரமும் உன்னை நீயே காத்துக்கொள்’ என்ற விதியைச் சொல்லி டெம்ப்சியைப் பாராட்டுபவர்கள் நிறைய. என்னால் முடிவதில்லை. தவறு நடந்ததா என்று பார்ப்பது நடுவரின் வேலை. அவரிடம் நியாயம் கேட்கத் திரும்பியதற்கே ஒருவன் தண்டனை பெற்றான் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதே ஆள், அதே ஸ்டேடியத்தில், மூன்று வருடம் கழித்துத் தானே கீழே அடித்துப் பட்டம் வெல்லும் வாய்ப்பை இழந்தான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

டெம்ப்சிக்கும் விரைவிலேயே ஒரு கணக்குத் தீர்ந்தது. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 22, சிகாகோ. டன்னியை வீழ்த்திவிட்டு, விதிப்படி தூரத்து மூலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். நடுவர் டேவ் பாரி அவர் நகரும்வரை எண்ணத் தொடங்கவில்லை. பத்து வினாடிக்கும் மேல் கீழே கிடந்த டன்னி, நடுவர் ஒன்பது எண்ணும்போது எழுந்து, கடைசியில் புள்ளிகளில் வென்றார். எதிராளியை விட்டுக் கண்ணை எடுக்காத பழக்கம் ஜூலையில் ஜெயிக்க வைத்தது, செப்டம்பரில் கவிழ்த்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குத்து தாழ்வானதுதான். ஆனால் அதற்காகப் பட்டத்தையே தூக்கிக் கொடுத்தது சரியில்லை. நியூயார்க்கின் குத்துச்சண்டை ஆணையமும் பிறகு, இடுப்புக்குக் கீழே விழுந்த அடியால் யாரும் போட்டியை வெல்ல முடியாது என்று விதியை மாற்றியது. இப்போது அடிபட்டவர் தேற ஐந்து நிமிடம் வரை தருகிறார்கள். 2023-இல் போலந்தில் டேனியல் டுபுவாவின் குத்தில் விழுந்த ஹெவிவெயிட் சாம்பியன் உசிக், நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டு எழுந்து, ஒன்பதாம் சுற்றில் முடித்தார். அந்தக் குத்து பெல்ட்டிலா, கீழேயா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கால்சட்டையை எவ்வளவு ஏற்றிக் கட்டினாலும் ‘இடுப்புக்குக் கீழே’ என்பதற்கான கோடு தொப்புளிலிருந்துதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1927 சண்டையின் படத்தை முதலில் பாருங்கள். ஏழாம் சுற்று வந்ததும் டெம்ப்சியை விட்டுவிட்டு நடுவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.