மயக்க மருந்தைக் குறைத்தாலே அப்பா குழாயைப் பிடுங்குகிறார் என்றவருக்கு

வென்டிலேட்டரில் (செயற்கை சுவாசக் கருவியில்) இருக்கும் அப்பா, மயக்க மருந்தைக் குறைக்கும்போதெல்லாம் மூச்சுக்காக வைத்த குழாயைப் பிடுங்கப் பார்ப்பதால் திரும்பவும் தூங்க வைத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் தற்காலிக மனக்குழப்பம். அவர் வேண்டுமென்று முரண்டு பிடிக்கவில்லை.

காரணத்தைத் தேடினார்களா என்று முதலில் கேளுங்கள்: வலி, ஆக்சிஜன் குறைவு, தொற்று, ஏன், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்கூட இப்படித் திமிறுவார்கள். அவருக்குக் குடிப்பழக்கமோ தினசரி தூக்க மாத்திரையோ இருந்திருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். அது திடீரென நின்றதே காரணமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு.

மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் குழப்பத்தைக் கூட்டக்கூடும். அதற்குப் பதில் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற வேறொரு மயக்க மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். பதற்றத்தால் வென்டிலேட்டரை எடுக்க முடியாதவர்களுக்கு தீவிர சிகிச்சைக்கான 2018 சர்வதேச வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கிறது. அந்த மருந்து மூச்சை அதிகம் அடக்காது. ஆனால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கலாம் என்பதால் முடிவு மருத்துவர்களுடையதுதான்.

அப்புறம், மருந்து குறைக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். அவருடைய மூக்குக்கண்ணாடி, காது கருவி இருந்தால் மாட்டிவிடச் சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான்தான். இது ஆஸ்பத்திரி. மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் பேச வரவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கையைக் கட்டிப்போடுவது பல நேரம் பதற்றத்தை ஏற்றவே செய்கிறது.