தென்னந்தோப்புக்காரருக்கு எந்த கிராஃப்?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். பள்ளிக் கண்காட்சியில் உலக வெப்பநிலை கிராஃபை ஒட்டினோம். பெற்றோர் யாரும் நின்று பார்க்கவில்லை. பெரும்பாலும் தென்னை விவசாயிகள். பருவநிலை மாற்றத்தை எப்படிக் காட்டினால் பார்ப்பார்கள்?

பதில்: டீச்சர், காலைக்கும் மதியத்துக்கும் நடுவே பத்து டிகிரி ஏறுவதைத் தினமும் பார்க்கிறவரிடம் 'உலகம் ஒன்றரை டிகிரி சூடாகிறது' என்றால், "அவ்வளவுதானா?" என்றுதான் கேட்பார். அவர் மனதில் இருக்கும் கேள்வி வேறு: ஐப்பசி மழை முன்பு மாதிரி பெய்கிறதா? அங்கிருந்து தொடங்குங்கள்.

இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1901 முதலான தினசரி மழை அளவை, நாட்டை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, இணையத்தில் இலவசமாகத் தருகிறது. எக்செல்லில் நேராகத் திறக்காது; பைதான் என்ற கணினி மொழி தெரிந்த பழைய மாணவர் யாரையாவது பிடியுங்கள். தினசரி அளவு என்பதால் ஜூன், ஜூலை என்று கூட்ட வேண்டியதில்லை. ஆடி, ஐப்பசி என்றே கூட்டலாம். மலையாளப் பெற்றோருக்காக ஐப்பசிக்குப் பக்கத்தில் துலாம் என்றும் எழுதிவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்கள் ஊர் மழைமறைவுப் பக்கம், அதாவது மலை மறைப்பதால் மழை குறைவான இடம். அதே கட்டத்துக்குள் மழை அதிகமுள்ள பக்கத்து ஊர்களும் சேர்ந்திருக்கலாம். அதைக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

மொத்த மழையோடு மழை நாட்களையும் எண்ணுங்கள். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் வானிலைத் துறைக் கணக்கில் அது மழை நாள். மொத்தம் மாறாமல் நாட்கள் குறைந்திருந்தால் விவசாயிக்கு உடனே புரியும். மில்லிமீட்டரையும் அப்படியே விடாதீர்கள்: 10 மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் சுமார் 40 ஆயிரம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் 4 லோடு!

வெப்பத்துக்கு பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகப் பருவநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018-இல் பரவலாக்கிய வண்ணக் கோடுகள் போதும். வருடத்துக்கு ஒரு கோடு, குளிர்ந்தால் நீலம், சுட்டால் சிவப்பு, எண்ணே கிடையாது. எக்செல்லிலேயே செய்யலாம். மழைக்கு மட்டும் பழுப்பும் நீலமும் எடுங்கள். சிவப்பையும் பச்சையையும் சேர்த்துப் போட்டால் நிறக்குருடு உள்ள பலருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அப்புறம், நமக்குப் பிடித்த வருடத்தில் தொடங்கி கிராஃபை ஏற்றிக் காட்டும் வேலை வேண்டாம். பெய்த மழையைக் காட்டும் பட்டைகள் பூஜ்யத்திலிருந்தே எழும்பட்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளம் கணக்கைக் கெடுக்கிறதென்று அதை வெட்டிவிடாதீர்கள். மழை வருடா வருடம் ஏறி இறங்கும் சமாச்சாரம். உங்கள் கட்டத்தில் தெளிவான மாற்றம் எதுவும் தெரியாமலும் போகலாம். சரி, அப்படியே ஒட்டுங்கள். ஊர்க்காரர் நினைவில் அந்த மழை இருக்கிறது, ஏமாற்ற முடியாது.

கிராஃப் அடியில் கொஞ்சம் இடம் விட்டு ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். கிணறு வற்றிய வருடத்தை அவர்களே குறிப்பார்கள். முதல் நாளே உங்கள் போனில் படம் எடுத்து எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் அதை வாட்ஸ்அப்பில்தான் பார்க்கப் போகிறார்கள்.