ஆப்பிரிக்கால வைரம் சியரா லியோன்லயும் இருக்கு, போட்ஸ்வானா மட்டும் எப்படி முன்னேறுச்சு?

வைரம் யாருக்குச் சொந்தம்னு ஆரம்பத்துலயே சட்டம் போட்டதுதான் முக்கியக் காரணம்னு நான் சொல்லுவேன். 1966ல சுதந்திரம் வாங்கினப்ப போட்ஸ்வானால தார் ரோடே மொத்தம் 12 கிலோமீட்டர்தான், அடுத்த வருஷமே ஒராபால வைரம் கண்டுபிடிக்கிறாங்க, அந்த நிலம் பங்வாட்டோ இனக்குழுவோடது, ஜனாதிபதி செரெட்சே காமாவும் அதே இனத்தோட தலைவர் குடும்பம், நினைச்சிருந்தா எல்லாத்தையும் தன் ஆளுங்களுக்கே சுருட்டிக் குடுத்திருக்கலாம், ஆனா கனிம உரிமை நாட்டுக்கேன்னு சட்டம் கொண்டு வந்துட்டாங்க (எத்தனை பேர் இதைச் செய்வாங்க சொல்லுங்க). அப்புறம் டி பியர்ஸ்ங்கிற பெரிய வைரக் கம்பெனியோட சேர்ந்து நடத்துற சுரங்கக் கம்பெனில அரசு 15 சதவீதப் பங்குல ஆரம்பிச்சு, பேரம் பேசிப் பேசி 50க்கு ஏத்திட்டாங்க. அந்தக் காசு ஸ்கூல், ரோடு, ஆஸ்பத்திரின்னு போச்சு.

சியரா லியோன்ல வைரம் ஆத்து மண்ணுலயே கிடைக்கும், மம்பட்டியும் சல்லடையும் இருந்தா போதும், அதனால கடத்துறதும் ஈஸி, அந்த நாட்டை ஆண்ட சியாகா ஸ்டீவன்ஸ் காலத்துல லாபமெல்லாம் வேண்டப்பட்டவங்க கைக்குப் போச்சு, 1991ல உள்நாட்டுப் போரே வந்துடுச்சு.

அதுக்காக போட்ஸ்வானா சொர்க்கம்னு இல்ல, அங்க ஏற்றத்தாழ்வு ரொம்ப அதிகம், ஏற்றுமதியும் இன்னமும் வைரத்தை நம்பித்தான் ஓடுது.