சந்தா முறை மென்பொருள் ஆப்பிரிக்கத் தொழில்முனைவோருக்கு எவ்வாறு உதவுகிறது?

சந்தா மென்பொருள் என்பது, கணக்கு எழுதவும் சரக்கிருப்பைப் பார்க்கவும் உதவும் மென்பொருளை முழு விலைக்கு வாங்காமல், மாதக் கட்டணம் செலுத்தி இணையம் வழியே பயன்படுத்துவதாகும். சொந்தமாகக் கிணறு வெட்டாமல் குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் கட்டுவதைப் போன்றது இது. நைரோபியின் கிகொம்பா சந்தையில் பழைய துணிப் பொதிகளைப் பிரித்து விற்பவருக்குக் கைமுதல் முழுவதும் சரக்கிலேயே முடங்கிவிடுவதால், மென்பொருளுக்கென மொத்தமாகப் பணம் போட இயலாது. மாதக் கட்டணமோ விற்பனை வரவிலேயே அடங்கிவிடும். 2007இல் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா கைப்பேசிப் பணத்தின் மூலம், கடன் அட்டை இல்லாதவரும் இத்தகைய கட்டணங்களைச் செலுத்த முடிவது, என் பார்வையில், மென்பொருளைவிடப் பெரிய மாற்றம். மின்வெட்டில் கடைக் கணினி அணைந்தாலும் கணக்கு வேறிடத்தில் பத்திரமாக இருக்கும். சந்தா என்றாலே மலிவு என்று பலரும் நினைப்பது சரியன்று: கட்டணம் டாலரில் இருந்தால், 2023 ஜூனில் நைஜீரியாவின் நைரா சரிந்தபோது நேர்ந்ததைப் போல, உள்ளூர் நாணயத்தில் செலவு திடீரென ஏறிவிடக்கூடும்.