தெருவில் கொசுப்புகை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர்கள் தெருவில் இரண்டு பேருக்கு டெங்கு வந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து குடியிருப்போர் சங்கம் வீட்டுக்கு வீடு காசு வசூலித்து, தனியார் ஆள் வைத்து வாரா வாரம் புகை மருந்து அடிக்கிறது. இவருடைய ஆறு வயது மகனுக்கு வீசிங் உண்டு, புகை அடித்த இரவெல்லாம் இன்ஹேலர்தான். மாமனார் மொட்டை மாடியில் நான்கு தேன்பெட்டி வைத்திருக்கிறார். கூட்டத்தில் வேண்டாம் என்று சொன்னதற்கு, “உங்க பையனுக்கு இருமல்னா எங்க பையன் டெங்குல படுக்கணுமா?” என்று பக்கத்து வீட்டக்கா கேட்டுவிட்டாராம். ‘தடுக்க எனக்கு உரிமை உண்டா? நான் கேட்பது நியாயம்தானா?’ என்பது இவருடைய கேள்வி.

நீங்கள் கேட்பது நியாயம்தான் அம்மா. பக்கத்து வீட்டக்காவின் பயமும் நியாயம்தான். 2017-இல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள். அந்த பயத்தை ஒதுக்கிவிட்டு ‘புகை கெடுதல்’ என்று மட்டும் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஆகவே பேச்சை வேறு இடத்திலிருந்து தொடங்குங்கள்: நாம் கொடுக்கிற காசுக்கு டெங்குக் கொசு சாகிறதா?

பெரும்பாலும் சாவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். மற்ற நேரத்தில் வீட்டுக்குள்தான் இருக்கும். கட்டிலுக்கு அடியில், திரைச்சீலை மடிப்பில், அலமாரியில் தொங்கும் சட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். புகை மருந்து கொல்ல வேண்டுமென்றால் அந்தப் புகைத் துளி கொசுவின் உடம்பில் பட வேண்டும். இப்போது உங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மெஷின் சத்தம் கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னலைப் படபடவென்று சாத்துகிறார்கள். புகை தெருவில் வெள்ளையாக எழும்பி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கலைந்துவிடுகிறது. ஏடிஸ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் கொசு சாகலாம், ஆனால் மருந்தை டீசலில் கலந்து அடிக்கும் அந்தப் புகையைத்தான் உங்கள் பையன் மூச்சில் இழுக்க வேண்டும்.

அப்படியே பறக்கும் கொசு கொஞ்சம் செத்தாலும், புகைக்குப் பின்னால் மருந்து எதுவும் தங்காது. தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். இன்று அடித்தால் அடுத்த வாரம் புதுக் கூட்டம் கிளம்பியிருக்கும். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கொசு அதற்குப் பழகிவிடும் என்பது அதைவிடப் பெரிய தொல்லை. நிஜமாகவே தொற்று பரவும் நாளில் அந்த மருந்து கைகொடுக்காமல் போகும்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்காதீர்கள். புகைக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு வீட்டில் டெங்கு உறுதியானால், அந்த வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் ஏற்கெனவே கிருமி ஏறிய கொசுக்களை உடனே குறைக்க வேண்டும். அதற்குத்தான் சுகாதாரத் துறை வீட்டுக்குள் பைரித்ரம் மருந்து அடிக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய தெளிப்பை நோய் பரவும் அவசர காலத்துக்கென்றுதான் வைத்திருக்கிறது. அந்த வேலைக்கு வரும் மாநகராட்சி ஆட்களைத் தடுக்காதீர்கள். பையனைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். போகும் முன் சோறு, குழம்பு, குடிதண்ணீரை மூடி, கேஸ் அடுப்பை அணைத்துவிடுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்று பம்பையும் நிறுத்தி வையுங்கள். பைரித்ரம் வகை மீனுக்கு நஞ்சு. வந்ததும் ஜன்னலெல்லாம் திறந்து, மேசை, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பிள்ளையை உள்ளே விடுங்கள்.

இனி உரிமை. தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-இன் கீழ் கொசு ஒழிப்புக்கு நடவடிக்கை எடுக்க அரசின் சுகாதார அலுவலர்களுக்கு அதிகாரம் உண்டு. சங்கம் அமர்த்திய தனியார் ஆளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. உங்கள் வாசலுக்குள் வர வேண்டாம் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். அதைவிட முக்கியம், அவரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன்படி இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும், இருக்கிறதா? என்ன மருந்து, டீசலில் எவ்வளவு கலக்கிறார்? டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். அதில் முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. டப்பாவே இல்லாமல் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தால், அன்றே நிறுத்தச் சொல்லச் சங்கத்துக்கு வேறு காரணம் தேவையில்லை. மெஷினைத் தூக்கி வரும் பையனையும் பாருங்கள். முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நாளெல்லாம் அந்தப் புகையில் நடப்பது அவர்தான். முகக்கவசம், கையுறை கொடுத்திருக்கிறார்களா என்று அவருக்காகவும் கேளுங்கள்.

மருந்து மாலத்தியான் என்றால் யாராவது புற்றுநோய்ப் பேச்சை எடுப்பார்கள். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ளவற்றின் வகையில் சேர்த்தது உண்மை. ஆனால் ஒரு தெருப்புகையில் எவ்வளவு ஆபத்து என்பதை அந்த வகைப்பாடு சொல்லாது. கூட்டத்தில் இதைப் பெரிதாக்காதீர்கள். வீசிங் உள்ள பிள்ளைக்கு டீசல் புகையே தொல்லை என்பது போதுமான வாதம்.

மாமனாரின் தேன்பெட்டிக்கு வருகிறேன். 2016 ஆகஸ்ட் 28, ஞாயிறு காலை. ஏடிஸ் கொசு பரப்பும் ஜிகா காய்ச்சல் பயத்தில் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில், டார்செஸ்டர் கவுன்ட்டி நிர்வாகம் விமானத்திலிருந்து நலெட் என்ற மருந்தைத் தெளித்தது. ஒரே பண்ணையில் 46 பெட்டிகள் அழிந்தன. ஏறக்குறைய 25 லட்சம் தேனீக்கள் பெட்டி வாசலிலேயே குவியலாகச் செத்துக் கிடந்தன. தேனீ வளர்ப்பவர்களில் பலருக்குத் தகவல் சரியாகப் போய்ச் சேராததுதான் அங்கே நடந்த பெரிய தவறு. ஆகவே வார்டு அலுவலகத்திலும் சங்கத்திலும், ‘இந்த மாடியில் தேன்பெட்டி இருக்கிறது, ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள்’ என்று எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். தகவல் வந்தால், முந்தைய இரவு தேனீ அடங்கிய பிறகு வாசலைக் கம்பிவலையால் அடைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டுவிடுங்கள். புகை கலைந்ததும் திறந்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகும் அடைத்தே வைத்தால் உள்ளே வெந்துபோகும்.

அதே 2016-இல் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோ தீவிலும் நலெட் தெளிக்க அமெரிக்க அரசு ஏற்பாடு செய்தது. மக்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். ஆளுநர் அனுமதி மறுத்து, பிடிஐ என்ற மருந்தைப் பயன்படுத்தலாம் என்று முடிவெடுத்தார். பிடிஐ ஒரு பாக்டீரியா, தண்ணீரில் போட்டால் கொசுப்புழுவின் குடலைக் கெடுக்கும், தேனீயை ஒன்றும் செய்யாது. ‘வேண்டாம்’ என்பதோடு ‘இதைச் செய்யுங்கள்’ என்று சொல்ல உங்கள் கையிலும் இப்படி ஒன்று வேண்டும்.

அதை உங்கள் தெருவிலேயே காட்டலாம். ஏடிஸ் அதிக தூரம் பறக்காது, நூறு இருநூறு மீட்டருக்குள்தான் சுற்றும். அதாவது கடிக்கிற கொசு உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ பிறந்தது. ஞாயிறு காலை அந்தப் பக்கத்து வீட்டக்காவையே துணைக்குக் கூப்பிடுங்கள். ஒரு டார்ச்சும் வெள்ளைக் கிண்ணமும் போதும். ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மாடியில் கிடக்கும் பெயின்ட் வாளி, கொட்டாங்குச்சி, மூடி சரியாக உட்காராத சம்ப் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். புழு இருந்தால் வெளிச்சம் பட்டதும் நூல் துண்டு போல நெளிந்து கீழே ஓடும், கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மேலே வரும். ஒரு கரண்டி மொண்டு கிண்ணத்தில் விட்டு அவரிடம் காட்டுங்கள். நான் போன தெருக்களில், கிண்ணத்தைப் பார்த்த பிறகுதான் பேச்சு மாறும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சியின் டி.பி.சி. பணியாளரை ‘எங்க வீட்ல ஒண்ணும் இல்லை’ என்று வாசலோடு அனுப்பாதீர்கள். மாடிக்குக் கூட்டிப் போங்கள்.

இரவில் கடிக்கிற கொசு பெரும்பாலும் க்யூலெக்ஸ், சாக்கடையில் பிறப்பது. புகை வேண்டும் என்ற சத்தத்துக்கு டெங்கு பயத்தோடு அதன் தொல்லையும் ஒரு காரணம். அதற்குக் கால்வாயில் அடைப்பெடுக்கவும், தேங்கிய இடத்தில் புழு மருந்து தெளிக்கவும் மாநகராட்சியிடம் சங்கம் மனு கொடுக்கட்டும். பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் வார்டில் எந்தத் தேதியில் என்ன மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள்.

சங்கத்திடம் நான்கு வாரம் மட்டும் கேளுங்கள். புகைக்கு வசூலித்த காசில் சம்ப் மூடிகளுக்கு ரப்பர் போடட்டும், ஓவர்ஹெட் டேங்க் குழாய்களுக்கு வலை கட்டட்டும். ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை வீட்டில் புழு கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால் அந்த நோட்டோடு சுகாதார ஆய்வாளரைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டு.